மாமனாரின் ஆம்ப்ளிஃபயர்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனுக்குக் கோபப்படக்கூட உரிமை கிடையாது. அதனால் மாமனார் தினமும் காலையில் ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிக் கரகரவென்று அலறவிடும்போதெல்லாம், மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சுவான்.

மனிதருக்குக் காது மந்தம். ஏதோ இலவச முகாமில் கொடுத்தார்கள் என்று இரண்டு காதிலும் மெஷின் வேறு. ஓசியில் வந்தது என்னத்தைக் கேட்டுக் கிழிக்கும்? இந்தக் காதுக்கு அவ்வளவு ஒசத்தியான ஆம்ப்ளிஃபயர் தண்டம். அதை விற்றால் ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் தேறும். தனிக்குடித்தனம் என்று நினைத்தாலே அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மாமனார் முடிவெட்டப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தான். அச்சு அசலாக அதே மாதிரி இருந்த மட்டமான டூப்ளிகேட் ஒன்றைக் கைக்காசு போட்டு வாங்கி வந்திருந்தான். அதை மாட்டிவிட்டு, அசலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

திரும்பி வந்த மாமனார் பாட்டைப் போட்டார். மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்டுபிடித்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும், தனிக்குடித்தனம் நடுத்தெருவில்தான்.

மாமனார் குமிழைப் பாதி திருப்பியதுமே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ளே, இன்னிக்கு வயலின் என்னமா பேசுது பாத்தீங்களா?"

"உங்க காதுக்குத் தப்புமா மாமா?" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மனசுக்குள் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் அசலைத் தூக்கிக்கொண்டு ஆடியோ மெக்கானிக்கிடம் ஓடினான். அவர் பெட்டியைப் பார்த்ததுமே ஒரு மாதிரியாகச் சிரித்து, மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட். மீதி இடத்தில் இரண்டு செங்கல்.

"உள்ள இருந்ததை ஒரு பெரியவர் போன வருஷமே எங்கிட்ட வித்துட்டாரு சார். நல்ல காது மெஷினா வாங்கணுமாம். வீட்ல சொன்னா, இந்த வயசுல இவ்வளவு செலவு எதுக்குன்னு பிடுங்கி எடுப்பாங்களாம். கனம் குறையக் கூடாதுன்னு செங்கல் வெச்சுக் குடுத்ததே நான்தான்."

மாப்பிள்ளை ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமனார்தான்.

"மாப்ளே, நீங்க வாங்கி வெச்ச ஆம்ப்ளிஃபயர் பிரமாதம். ஸ்பீக்கர் ரெண்டும்கூடப் பழசாயிடுச்சு, அதை எப்பத் திருடப் போறீங்க?"