துரைக்கு ஒரு ஜோடி கையுறை

எரிந்துபோன மாளிகையின் வாசலில் அன்று காலை நின்றவர்கள் இவர்கள்தாம்: ஊரைவிட்டே போகிற கெர்ஹார்டு துரை, வண்டிக்கார யூரி, கடைக்கார ஆல்மா, குடியானவர் ஹிந்த்ரெக், அவருடைய அம்மா லேனு.

அம்மா வந்திருக்கவே கூடாது என்று ஹிந்த்ரெக் பல்லைக் கடித்தார். ஐம்பது வயதில் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது, தேவாலயத்தில் முன்வரிசையில் இடம் இருந்தது. ஆனால் துரைக்கும் அவருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. லேனு கல்யாணமான புதிதில் மாளிகைச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஊர் வாய்க்கு இது போதாதா?

அந்தக் காலத்தில் நிலம் மாளிகையுடையது, தலைக்கு மேலிருந்த கூரையும் மாளிகையுடையது. கெர்ஹார்டின் அப்பா பெரிய துரை எதைக் கேட்டாலும் இந்த ஊரில் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. 1905 கலகத்தில் மாளிகை எரிந்தது. பின்னால் அரசாங்கம் நிலத்தை ஊராருக்குப் பிரித்துக் கொடுத்தது. துரையம்மா பல வருஷம் தவமிருந்து பெற்ற ஒரே வாரிசான கெர்ஹார்டு, மிஞ்சிய காவல்காரன் வீட்டில் காலம் தள்ளினார்.

இப்போது 1939. துரை குடும்பத்தைப் போல எஸ்டோனியாவில் இருந்த ஜெர்மன்காரர்களையெல்லாம் ஜெர்மனி அழைத்துக்கொண்டது. தாலின் துறைமுகத்தில் கப்பல் நின்றது. போனால் போனதுதான்.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம். நமக்கு இங்க என்ன வேலை?"

"நீ வேணா போ. நான் ஒரு சாமானக் குடுத்துட்டு வரேன்."

மேலங்கிக்குள்ளிருந்து லேனு எடுத்த பொருளைக் கண்டதும் ஹிந்த்ரெக்குக்கு உடம்பு கூசியது. கம்பளிக் கையுறை. சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டம், மணிக்கட்டில் கறுப்புக் கரை. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பின்னல். அதை வெளியாளுக்குப் போட்டுத் தருகிற வழக்கமே கிடையாது. அவர் கையில் அப்போது மாட்டியிருந்ததும் அதே பின்னல்தான். சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆல்மா யூரியை இடித்தாள். "பாத்தியா? வீட்டுப் பின்னலு! இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

"மெல்லப் பேசு அக்கா. உன் ரகசியம் குதிரைக்கே கேக்குது."

துரை மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. "என் கைய எப்பப் பாட்டி அளந்தீங்க?"

"அளக்கல துரை. இவன் கைதான் அளவு."

துரை சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். லேனு அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. "அங்க குளிரு எப்படியோ. போட்டுக்கங்க. கழட்டிடாதீங்க."

கடைசியில் துரைதான் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு வண்டியில் ஏறினார். யூரி சாட்டையைச் சொடுக்கினான்.

லேனு அழுதாள். அம்மா அழுது ஹிந்த்ரெக் பார்த்ததே இல்லை. அவரோடு இரட்டையாகப் பிறந்து மூன்றாம் நாளே செத்துப்போன தம்பிக்காகக்கூட அவள் அழுததில்லை. கல்லறைத் திருநாளில் குடும்பத்துக் கல்லறைகளுக்கெல்லாம் பூ வைப்பாள். அந்தச் சின்னச் சிலுவைக்கு மட்டும் ஒரு பூகூட வைக்கமாட்டாள். அத்தனை கல்நெஞ்சுக்காரி, ஒரு துரைக்காக நடுவாசலில் நின்று அழுதாள்.

வண்டி பிர்ச் மரங்களைத் தாண்டித் திரும்பியது. ஓடிப்போய் நிறுத்தவா முடியும்? நிறுத்தித்தான் என்ன சொல்வது? லேனு ஓர் எட்டு எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள்.

"போகட்டும் விடுங்க, லேனு அக்கா," என்றாள் ஆல்மா. "ஹிந்த்ரெக் அண்ணன் பெரிய துரைக்குப் பொறந்தவர்ன்னு ஊருக்கே தெரியும். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது?"

ஹிந்த்ரெக் அம்மாவின் தோளைப் பிடித்தார். "அம்மா! இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. அப்பா பேரு இருக்கு."

லேனு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி ஆல்மாவை நேராகப் பார்த்தாள்.

"இவன் என் புருஷன் யாகோபுக்குப் பொறந்தவன். வண்டியில போறானே, அவனும்தான்."