வாய் திறக்காத நோயாளி

"இல்லை டொக்டர்" என்றேன், இன்றைக்கு நாலாவது தடவையாக.

காலையிலிருந்து செத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மணிக்கு ஒரு தரம், ஒன்பதுக்கு ஒரு தரம், பத்துக்கு ஒரு தரம். இப்போது பதினொன்று.

ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உள்துறைமுகத்துக் கப்பல்கள் தெரிகிற பயிற்சி அறை. மருத்துவ மாணவர்களும் மருந்தாளர் மாணவர்களும் சேர்ந்து வேலை செய்யப் பழக ஒரு பொய் நோயாளி வேண்டுமாம். அது நான்தான். ஐம்பத்தெட்டு வயது, தம்பலகாமம், இரத்த வாந்தி.

கதை இதுதான். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எனக்கு ஒரு குளிசை தருகிறார்கள். முழங்கால் நோவு தாங்காமல் வெளியில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இன்னொன்றும் வாங்கிப் போடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும். கிளினிக் டொக்டர் ஏசுவார் என்று இரண்டாவதை மறைக்கிறேன். எங்கள் பக்கத்தில் மறைக்காத ஆள் யார்? அந்தக் குளிசை உறை என் கைப்பைக்குள். பை என் மடியில்.

"அஞ்சு நிமிசத்துக்குள்ள கண்டுபிடிக்காட்டி நீங்களே எடுத்துக் காட்டுங்க அக்கா" என்று விரிவுரையாளர் டொக்டர் ஸுல்பிகா சொல்லியிருந்தார்.

காட்ட மாட்டேன்.

மூன்று குழுவுக்கும் காட்டவில்லை. ஒரு பிள்ளை விம்மி விம்மி அழுதாள். நன்றாக அழட்டும். இங்கே அழுதால் ஒருவரும் சாகப் போவதில்லை.

தேநீர் நேரத்தில் ஸுல்பிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இப்படியென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டி வரும் என்றார். பாருங்கள் என்றேன். எனக்கென்ன பயம்?

இந்த நாலாவது குழுவில் ஹஸ்மி என்ற மருத்துவ மாணவன் கெட்டிக்காரன். கை படபடவென்று வேலை செய்தது. சேலைன், இரத்தம், ஊசி என்று அடுக்கிக்கொண்டே போனான். வேறு குளிசை போடுகிறீர்களா என்று கேட்டான்தான், ஆனால் ஃபைலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். நான் இல்லை என்றதும் திரும்பிவிட்டான்.

மருந்தாளர் மாணவி கீர்த்தனி மட்டும் மருந்தும் சோதனையும் எழுதியிருந்த என் கிளினிக் கொப்பியை விடவில்லை. போன கிழமை இரத்தச் சோதனை சரியாகத்தானே இருக்கிறது, இந்தக் குளிசை மட்டும் இப்படி இரத்த வாந்தி எடுக்க வைக்காது என்றாள்.

"கேட்டாச்சு, இல்லையெண்டு சொல்லிட்டாங்க" என்றான் ஹஸ்மி. "நீங்க மருந்தை எடுத்துத் தாங்க."

"நான் இன்னும் கேக்கேல்லை."

அப்படிப் போடு, பிள்ளை.

கதிரையை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேரே இருந்தாள். சுவர் மணிக்கூட்டில் நாலரை நிமிடம் போய்விட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. பையை இறுக்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.

"அம்மா, வெளியில டிஸ்பென்சரிக்குப் போனீங்களா? சொல்லுங்கோ. நாங்கள் ஏச மாட்டம்."

ஏச மாட்டம்.

நான் இன்னொரு தரம் இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் பேச்சு. வாய் வரவில்லை. பாழாய்ப்போன கண்ணீர் வந்தது. பையைத் திறந்து உறையை அவள் கையில் வைத்தேன்.

ஹஸ்மி எட்டிப் பார்த்தான். வாசித்தான். முகம் சிவந்துபோனது. இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். எத்தனை போட்டேன், எப்போது போட்டேன் என்று இருவரும் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள்.

ஸுல்பிகா கைதட்டிக்கொண்டு வந்து உறையை வாங்கினார். வாங்கியவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, நான் தந்த உறை அந்தா மேசையில கிடக்கு."

அவர் கையில் இருந்த உறை மடிப்பில் கிழிந்து பழுப்பேறிப் போயிருந்தது. திகதி மூன்று வருடத்துக்கு முந்தியது. பெயர், ஞானசேகரம்.

"என்ர மனுசன்" என்றேன். "அதை இஞ்ச தாங்கோ. அடுத்த குழுவைக் கூப்பிடுங்கோ."

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலில் கிடந்தது அவர். வேறு குளிசை போடுகிறவரா என்று பக்கத்தில் இருந்த என்னிடம்தான் கேட்டார்கள்.

இல்லை டொக்டர் என்றேன். பை என் மடியில்தான் இருந்தது.