இறங்கும் எண்

மலை ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பைகளைச் சுமக்கப்போகும் ட்ரோனுக்குள் சகாயம் ஓர் எண்ணை எழுதிவைப்பான். காற்று தள்ளும்போது ட்ரோன் எவ்வளவு மூர்க்கமாகத் திமிறி நிமிர வேண்டும் என்பதற்கான எண் அது. ட்ரோனை ஓட்டும் பியூலா அதைப் பறக்கவிட்டு இறக்கியதும் லேப்டாப்பில் பார்த்தால் எண் குறைந்திருக்கும். குறைந்த எண்ணோடு போனால் ட்ரோன் சாதுவாக மிதக்கும். பெரிய காற்றில் பாறையில் மோதும். அவன் ட்ரோனின் மூளையான போர்டையே மாற்றிப் பார்த்தான். புது போர்டிலும் எண் குறைந்தது.

“உங்க போர்டுதான் பயப்படுது சகாயம். எனக்கென்ன, புயல்லயும் ஓட்டுவேன்,” என்றாள் பியூலா. அது வீண்பேச்சில்லை. அவளைப்போல் ஓட்ட அங்கே ஆளில்லை.

அடுத்த முறை அவன் வானத்தைப் பார்க்காமல் அவள் கைகளைப் பார்த்தான். ட்ரோன் பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டியபோது, அவளுடைய ஆள்காட்டி விரல் ரிமோட்டின் மேல்மூலையிலிருந்த சிறு குமிழைக் குறைக்கும் பக்கமாக மெல்லத் திருகியது. பறக்கும்போதே எண்ணைக் கூட்டிக் குறைக்க அவனே முன்பு இணைத்து, மறந்துபோன குமிழ். அவள் முகம் வானத்தில் இருந்தது. விரல் செய்வது அதற்குத் தெரியவில்லை.

ட்ரோன் இறங்கியதும் குமிழுக்கும் எண்ணுக்கும் இருந்த இணைப்பை நீக்கினான்.

“சரியாயிடுச்சு. என் தப்புதான்.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல.”

மதியம் ரத்தப் பையோடு ட்ரோன் விளிம்பைத் தாண்டியது. காற்று அறைந்தது. அது திமிறி நிமிர்ந்து நேராகப் போனது. பியூலா சிரித்தாள். குமிழ் இனித் திரும்ப இடமில்லாமல் நின்ற பிறகும் அவள் விரல் அதைத் திருகிக்கொண்டிருந்தது.