சம்பந்தி வாங்காத பை

மாப்பிள்ளையின் அம்மா சண்முகவள்ளி, பையை வாங்க நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். பெண்ணைப் பெற்ற மீனம்மாள் நீட்டிய பையோடு அப்படியே நின்றாள்.

பையில் இருந்தவை பருப்புப் பூரணம் வைத்த இருபத்தைந்து சுழியங்கள். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தவை. கமுதி போய்ச் சேரும்வரை வழியில் தின்றுகொண்டு போகட்டும் என்று பார்த்துப் பார்த்துச் சுட்டிருந்தாள்.

"இருக்கட்டும் மதினி, வேணாம்" என்றாள் சண்முகவள்ளி. முகத்தில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

வாசலில் டாடா சுமோ கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மீனம்மாள் தரகர் மூக்கையாவைப் பார்த்தாள். காலையில் அவர்தான் காதில் போட்டிருந்தார்.

"அவுக பக்கம் வழக்கமே அதுதாம்மா. பொண்ணு வீட்டுப் பலகாரத்தக் கையில வாங்கிட்டாகன்னா சம்மதம். வாங்கலைன்னா நம்ம வேற எடம் பாத்துக்கிட வேண்டியதுதான்."

இப்போது அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

மகள் சேதுலட்சுமியைப் பார்க்க வந்த மூன்றாவது இடம் இது. முன்னால் வந்த இரண்டு வீட்டாரும் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு நயினார்கோவிலில் பஸ் ஏறியவர்கள்தான். தபால்காரர் அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பவே இல்லை.

இந்த இடம் தவறிவிடக் கூடாது. பையன் கதிரேசனுக்கு மதுரையில் மிஷின் போட்டுச் சொந்தத் தொழில், எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். அதையெல்லாம் விட, மகளுக்கே பிடித்திருந்தது. முன்பெல்லாம் காபியை வைத்துவிட்டு ஓடிவிடுகிறவள், இன்று தட்டை நீட்டும்போது நிமிர்ந்து பார்த்துச் சிரித்ததை மீனம்மாள் கவனித்திருந்தாள்.

சட்டென்று அவளுக்குப் பொறிதட்டியது. பை கறுப்பு! நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் கையில் கறுப்புப் பையைக் கொடுத்தால் யார்தான் வாங்குவார்கள்? உள்ளே ஓடி, பலகாரத்தை நல்ல ரோஸ் கலர்ப் பிளாஸ்டிக் பைக்கு மாற்றிக்கொண்டு வந்தாள்.

"தப்பா நெனைக்காதீக மதினி, அவசரத்துல பாக்கல. இது புதுசு. நேத்துத்தான் பரமக்குடியில கட்டா வாங்குனோம். தம்பி, நீங்களாச்சும் பிடிங்க."

கதிரேசன் வாங்கினான். பையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். மூக்குப் பக்கம் கொண்டுபோனான். முகம் சுண்டிப்போக, அதை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டான்.

பெண்ணின் அப்பா சோணைமுத்துவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மிளகாய் விவசாயம் பார்க்கிற மனிதர், கோபமும் அந்த ரகம்தான்.

"எங்க வீட்டுப் பலகாரம் ஆகாதுன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க. மோந்து பாத்துட்டு வைக்கிறது என்ன பழக்கம்?"

"ஐயோ, பலகாரம் தேனா இருக்குண்ணே!"

"அப்ப எம்மகதான் ஆகலையா?"

"அதெல்லாம் இல்லண்ணே..." என்று இழுத்த சண்முகவள்ளி மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். வெளியே சுமோ டிரைவர் ஹாரன் அடித்தான்.

அடுப்படிக் கதவருகே நின்றிருந்த சேதுலட்சுமி உள்ளே போனாள். கரண்டிச் சத்தம் கேட்டது. சட்டியில் மிச்சமிருந்த சுழியங்களை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியை அழுத்தியபடி வெளியே வந்தாள்.

"ஏம்மா, அவுக தட்டுல வச்சதுல அஞ்சு சுழியம் தின்னாக. பலகாரத்து மேல அவுகளுக்கு என்ன கோவம்? பைதான் பிடிக்கல. இந்தாங்க அத்தை."

சண்முகவள்ளி இரண்டு கையாலும் தூக்கை வாங்கிக்கொண்டாள். "ஆத்தாடி, கெட்டிக்காரி! இந்தத் தூக்கத் திருப்பிக் கொடுக்க நாங்க வந்துதான ஆகணும்? வர்ற வெள்ளிக்கெழம பூவோட வாரோம்."

மூக்கையா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மீனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்திவிட்டோமே என்று கூசிப்போன சோணைமுத்து, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார்.

"இருந்தாலும் தம்பி, ஒரு கேரிபேக்கக் கண்டா இப்பிடியா மெரளுறது?"

"வெசம் மாமா அது" என்றான் கதிரேசன். முதல்தடவையாக வாயைத் திறந்தவன், திறந்த வாயை மூடவில்லை. "பழைய பக்கெட்டு, அறுந்த செருப்பு, பூச்சிமருந்து டப்பா, எல்லாத்தையும் அரைச்சு, உருக்கி, ஊதி எடுக்குறதுதான் இந்தப் பை. அழுக்கு தெரியக் கூடாதுன்னுதான் கறுப்பும் ரோஸும் கலக்குறது. சோப்பு, சீப்பு வாங்கலாம். கொதிக்கக் கொதிக்க எண்ணெய்ப் பலகாரத்தப் போட்டா, பையில உள்ளதெல்லாம் பலகாரத்துல எறங்கிரும். திங்கிற பண்டத்துக்கு இது ஆகாதுன்னு சர்க்காரே சட்டம் போட்டிருக்கு."

சோணைமுத்து வாயைப் பிளந்துவிட்டார். வந்து வாய்த்திருப்பது சாதாரண மாப்பிள்ளை இல்லை. தெருவே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"சுகாதார ஆபீசர் தோத்தாரு போங்க! இம்புட்டு வெவரத்தையும் எந்தப் பொஸ்தகத்துல படிச்சீக மாப்ள?"

கதிரேசன் அவசரமாகக் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான். சண்முகவள்ளிதான் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னாள்.

"பொஸ்தகமெல்லாம் இல்லண்ணே. அந்த ரெண்டு பையும் நம்ம கம்பெனிச் சரக்குதான்."