வேர்டா, டாக்ஸா?

சிங்கப்பூர் பாசிர் ரிஸ் வீட்டில் சயந்தினி தன் அப்பா பசுபதிக்கு இரண்டு மென்பொருள்களைத் திறந்து காட்டினாள். பேப்பரில் போட ஏதோ அறிவித்தல் தட்ட வேண்டுமாம்.

"இது வேர்ட். டிசைன் நிறைய இருக்குப்பா."

"கறுப்பு போர்டர் போடலாமோ?"

"போடலாம். இது கூகுள் டாக்ஸ், ரொம்ப ஈசி லா. லண்டன்ல இருந்து தம்பியும் திருத்தலாம்."

"அப்ப அது வேண்டாம். அவன் தன்ர மாமியாரின்ர பேரை மேல ஏத்திப்போடுவான். வேர்ட் போதும்."

பசுபதி ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். சயந்தினி திரையைப் பார்த்தாள். கறுப்புக் கட்டத்துக்குள் அப்பாவின் படம் சிரித்தது. கீழே, 'அமரர் பசுபதி'. அதற்கும் கீழே உறவினர் பெயர்கள் வரிசையாக.

"என்னப்பா இது?"

"திகதியை மட்டும் விட்டிருக்கிறன். அண்டைக்கு அதை நீ போடு. வேற ஒண்டிலயும் கை வைக்காதே."