ப்ளஸ் ஒன்பது

"என் தேனை முதல்ல பாரும்மா. வரிசையெல்லாம் சாதாரண ஆளுங்களுக்கு."

சொன்னவர் 'தேன் சக்கரவர்த்தி'. பட்டத்தைக் கொடுத்தவரும் அவர்தான், பெற்றுக்கொண்டவரும் அவர்தான். அவர் உட்கார்ந்ததும் பரிசோதனைக்கூடத்தின் ஒரே நாற்காலி முனகியது.

சுவரோரம் ஒரு பாட்டிலைப் பிடித்தபடி நின்றிருந்தவள் தேனீ வளர்ப்பவள். நாற்பது பெட்டிகள் வைத்திருக்கிறாள். குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆண்டு முழுக்கத் தேன் கொடுக்கும் ஆர்டர் இந்த இருவரில் ஒருவருக்குத்தான். இன்று யாருடைய தேன் தேறுகிறதோ அவருக்கு. அவளுக்குக் கிடைக்காவிட்டால் பெட்டிகளை விற்றுவிட வேண்டியதுதான்.

"இது என்ன, பீரங்கிக்குக் கண்ணாடி மாட்டின மாதிரி?" மேஜை மேலிருந்த கருவியைக் காட்டினார் சக்கரவர்த்தி.

"ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை, குழாய்ல இருக்கிற தேன் கரைசல் வழியா அனுப்புவோம் சார்," என்றாள் பரிசோதகி. "கரைசல் அந்தத் திசையைத் திருப்பிவிடும். எந்தப் பக்கம், எத்தனை டிகிரின்னு பார்த்தா..."

"பாடமெல்லாம் பள்ளிக்கூடத்துல நடத்து. ரிசல்ட்டைச் சொல்லு."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகினாள். "உங்களோடது வலப்பக்கம் திருப்புது. ப்ளஸ் ஒன்பது."

"பார்த்தியா! ப்ளஸ்!"

அடுத்த குழாய் ஏறியது. "இது இடப்பக்கம். மைனஸ் மூணு."

சக்கரவர்த்தியின் தொப்பை குலுங்கியது. "மைனஸா! உன் தேனீங்க பட்டினியா தங்கச்சி? வெளிச்சத்துக்கே வழி தப்பிப் போச்சே!"

தேனீக்காரியின் முகம் சுருங்கியது. "அக்கா, இன்னொரு தடவை பாருங்களேன். குழாய் சரியாக் கழுவலையோ என்னமோ."

பரிசோதகி கழுவிப் பார்த்தாள். துடைத்துப் பார்த்தாள். மைனஸ் மூணு அசையவில்லை.

"சார், அந்த ப்ளஸ்ஸுக்கு என்ன அர்த்தம்னா..."

"எனக்கே அர்த்தம் சொல்றியா? நான் பொறந்ததே ப்ளஸ்ஸும்மா. சீல் குத்திக் கொடு."

சீல் காய்வதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஹலோ, பிரஸ்ஸா? லேபிளை மாத்துய்யா. 'ஒளியை வலப்பக்கம் திருப்பும் ஒரே தேன், ப்ளஸ் ஒன்பது.' என் போட்டோவுக்குக் கீழே, கொட்டை எழுத்துல. பத்தாயிரம். இன்னைக்கே அடி!"

ரிப்போர்ட்டை விசிறிக்கொண்டே வெளியேறினார்.

தேனீக்காரி பாட்டிலை மூடினாள். "அப்போ நான் வர்றேன்க்கா. பெட்டி வாங்க யாராவது இருந்தா சொல்லுங்க."

"விக்கறதா? இன்னும் பத்துப் பெட்டி வாங்கு!" மருத்துவமனைத் தாளில் அவள் பெயரை எழுதிய பரிசோதகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன்னோடது மாதிரி நல்ல தேன் இடப்பக்கம்தான் திருப்பும். வலப்பக்கம் திருப்பறது சர்க்கரைப் பாகு. நான் சொல்ல வந்தா கேட்கலை. இப்போ பத்தாயிரம் லேபிள்ல, போட்டோவோட, அவரே ஒத்துக்கப்போறாரு."