வலது பக்கத்து டேப்லெட்

பொய்தான் சொல்லப் போகிறோம் என்று மாடிப்படியில் கால் வைக்கும்போதே விஜயகுமாரி முடிவு செய்துவிட்டாள்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் டீ-சர்ட்டை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்க வேண்டும்.

சில மாதமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஓட்டையை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். கறை விரலுக்குத் தட்டுப்படாது. அதற்குச் சாமியைத்தான் நம்பியிருந்தாள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளவும் பயம். கண்ணாடியோடு வந்த செக்கிங்காரி செல்லாத்தாளை மறு வாரமே நூல் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சம்பளம் பாதி. விஜயகுமாரியின் கணவன் சாயப்பட்டறையில் நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடக்கிறான். பாதிச் சம்பளம் அவன் மாத்திரைக்கே போதாது.

இன்றைக்கு இப்படி ஒரு சோதனை. முதலாளி தரணீதரனைச் செல்போன் பார்ப்பதைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம் டாக்டர். அதனால் கண் கூசாமல் காகிதம்போல எழுத்துக் காட்டும் இ-இங்க் டேப்லெட் இரண்டை முதலாளி வரவழைத்திருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். எதை என்றுதான் தெரியவில்லை. செக்கிங் பொம்பளைகளை விட்டால் கண் யாருக்கு இருக்கிறது, ஒவ்வொருத்தராக மேலே அனுப்பு என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

பாதிப் படியில் கலைமகள் எதிரே இறங்கி வந்தாள். பக்கத்து மேசைக்காரி. கேட்காமலே காதோரம் குனிந்தாள்.

"வலது பக்கத்துல இருக்கறதுன்னு சொல்லுக்கா. எழுத்து கறுப்பா, தெளிவா இருக்குதுன்னு சொல்லீரு."

விஜயகுமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கண் மங்கியது இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்க நேரமில்லை. மேலே சூப்பர்வைசர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொன்னார். ஒன்றில் வெளிச்சத்தை மஞ்சளாக வைத்துக்கொள்ளலாம், இன்னொன்று எடை குறைவு என்றார். காலையில் பேப்பர் படிப்பது, ஆபீசில் ஆர்டர் பார்ப்பது எல்லாம் இனி இதில்தானாம். கண்ணுக்கு எது சுகம் என்பதுதான் கேள்வி.

"அவசரமில்ல அம்மிணி. நிதானமாப் படிச்சுப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு சாம்பல் பலகை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்தது.

கொஞ்ச நேரம் பார்ப்பதுபோல் பார்த்தாள். இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"வலது பக்கத்ததுங்க. எழுத்து கறுப்பா, தெளிவா இருக்குதுங்க."

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, அத்தனை பேரும் ஒண்ணையே சொல்றாங்க. செக்கிங்காரங்க கண்ணுன்னா சும்மாவா?"

கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கண்ணப் பத்திரமாப் பாத்துக்கோணும் அம்மிணி. போனா வராது."

"சரிங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

டீ டைமில் கலைமகளை ஓரமாகக் கூட்டிப்போனாள். உன் புண்ணியத்தில் தப்பித்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டவள், மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு எழுத்து நல்லாத் தெரிஞ்சுதா கண்ணு?"

கலைமகள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கெங்கக்கா தெரிஞ்சுது? ராமாத்தாக்கா சொல்லியுட்டுது, நானும் சொன்னேன்."

ராமாத்தாள்தான் செக்கிங்கில் எல்லோருக்கும் மூத்தவள். காலையில் முதல் ஆளாக மாடிக்குப் போனவளும் அவள்தான். இருவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"மொதல்ல போனவளுக்குச் சொல்லியுட ஆரு இருந்தா கண்ணு? மொதலாளி கை வலது பக்கத்ததையே தடவிக்கிட்டு இருந்துச்சு. அதையே நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."